அக்கரைக்குப் போன கூன்வண்டு

நந்தியாவட்டை மொட்டில் மூக்கை நுழைத்து உட்கார்ந்திருக்கும் அந்தக் கூன்வண்டுக்குத் தமிழில் தனிப் பெயர் கிடையாது. லத்தீனில் ஒன்று உண்டு. அதைச் சொல்லி முடிப்பதற்குள் வண்டு நடந்து போய்விடும். அரிசியில் பாதி நீளம், சாம்பல் நிறம், முகத்துக்கு முன்னால் தும்பிக்கை மாதிரி ஒரு நீட்டல். தொட்டால் காலை மடக்கிக்கொண்டு செத்ததுபோல உருண்டு விழும். அரை நிமிஷம் கழித்து, ஆபத்து போய்விட்டது என்று தெரிந்ததும் எழுந்து நடக்கும். எங்கள் கல்லூரியில் சிலரை அது எனக்கு நினைவூட்டியது உண்டு. பெயர் சொல்ல மாட்டேன்.

1911-இல் யாரோ ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஸ்ரீரங்கத்தில் ஒன்றே ஒன்றைப் பிடித்து, ஊசியில் குத்தி, 'ஸ்ரீரங்கம், பூவின் மேல்' என்று ஒரு சீட்டும் சேர்த்துச் சீமைக்கு அனுப்பிவைத்தார். உலகத்துக்கு அந்த வண்டைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். அதற்கப்புறம் நாற்பத்தெட்டு வருஷம் யாரும் அதைத் தேடவில்லை. அதனால் வண்டுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

1959-இல் நான் தேடப் போனேன். அப்போது எனக்கு இருபத்தைந்து வயது, திருச்சியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டர். பெயர் பெரிதாக இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். பிள்ளைகள் அறுப்பதற்குத் தவளைகளை எண்ணிக் கொடுப்பது, ஜாடிகளில் ஃபார்மலின் ஊற்றுவது, ஊற்றியதைத் துடைத்து அடுக்குவது, இதுதான் வேலை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசைக்குப் போனால் பக்கத்தில் இருப்பவர்கள் நாசூக்காக ஒரு சாண் நகர்ந்து உட்காருவார்கள். "அக்னஸ் வந்துட்டா, வாடை சொல்லுது" என்று என் அக்கா லூர்துராணியே கேலி செய்வாள். அந்த அறையிலிருந்து தப்பிக்க எனக்கு இருந்த ஒரே வழி மெட்ராஸில் ஆராய்ச்சி உதவித்தொகை. அது கிடைக்கப் புதிதாக ஏதாவது சொல்லும் கட்டுரை ஒன்று வேண்டும்.

அந்த வண்டைக் காட்டிவிட்டவர் எங்கள் துறைத் தலைவர் அமிர்தசாமி சார். "பாரும்மா, யாருமே பார்க்காத பூச்சி. எங்க இருக்கு, எங்க இல்லைன்னு கண்டுபிடிச்சுச் சொன்னாலே ஒரு கட்டுரை" என்றார். நல்ல மனுஷர். பூச்சி சேகரிப்பில் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருப்பார். ஊசியில் குத்திய பூச்சிக்குக் கீழே எந்த ஊர், எந்தத் தேதி, யார் பிடித்தது என்று ஒரு சீட்டு இருக்குமே, அதில் தப்பு இருந்தாலும் கிழிக்கக் கூடாது. சரியானதை இன்னொரு சீட்டில் எழுதி அதற்குக் கீழே குத்த வேண்டும். யார் எங்கே தடுக்கி விழுந்தார்கள் என்று பின்னால் வருகிறவனுக்குத் தெரிய வேண்டும் என்பார்.

ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரைப் பக்கம் ஒரு நந்தவனத்தில் வண்டு கிடைத்தது. பெருமாளுக்குப் புஷ்ப கைங்கர்யம் செய்யும் குடும்பத்தின் தோட்டம் அது. வீட்டுக்காரர் சௌரிராஜனுக்கு லால்குடியில் ரிஜிஸ்திரார் ஆபீஸில் குமாஸ்தா வேலை. காலையில் பூப்பறித்துக் கொடுத்துவிட்டு ரயிலேறிவிடுவார். நான் போகும் நேரத்தில் அவர் மனைவி வேதவதி மாமிதான் இருப்பார். வலையும் கண்ணாடிக் குழாயுமாக, கழுத்தில் சிலுவைச் சங்கிலியோடு வந்து நின்ற என்னை மாமி ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார்.

"பூச்சிதானே? தாராளமாப் பாருங்கோ. புஷ்பத்தை மோந்து பார்க்கப்படாது. பூச்சியை இங்கே கொல்லப்படாது. எடுத்துண்டு போய் என்ன பண்ணுவேள்?"

"பார்த்துட்டு விட்டுடுவேன், மாமி."

அந்தப் பொய் எவ்வளவு சுலபமாக வந்தது என்று இப்போது நினைத்தாலும் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. மாமி சந்தோஷப்பட்டு எனக்கு மோர் கொடுத்தார். நான் அதைக் குடித்துவிட்டு, குழாயில் மூன்று நாலு வண்டுகளோடு பஸ் ஏறிக் கல்லூரிக்கு வந்து, கொல்லும் பாட்டிலில் போட்டேன். அப்படி எத்தனையோ முறை. மோரும் எத்தனையோ முறை குடித்தேன்.

எட்டு மாதம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை நட்டு ஒரு விஷயம் கண்டுபிடித்தேன். அந்த வண்டால் பறக்க முடியாது. முதுகு ஓடு இரண்டும் ஒட்டிப் போயிருக்கிறது. உள்ளே இறக்கை வெறும் நூல். நடந்துதான் போக வேண்டும். ஸ்ரீரங்கமோ காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிற தீவு. பறக்காத பூச்சி, சுற்றிலும் ஆறு. அப்படியென்றால் உலகத்தில் அது அங்கே மட்டும்தான் இருக்க வேண்டும்.

காவிரிக்குத் தெற்கே டவுனில் தேடினேன், மன்னார்புரம் வரைக்கும் நந்தியாவட்டை இருந்த ஒவ்வொரு வாசலிலும் நின்று தேடினேன். ஒன்றும் இல்லை. வடக்கே, கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் தேடியபோதுதான் தூக்கிவாரிப் போட்டது. பிச்சாண்டார்கோயிலில் இருந்தது. வாளாடியில் இருந்தது. லால்குடியில் இருந்தது. போதாக்குறைக்கு, அக்கரை வண்டுகளில் சிலவற்றுக்கு முதுகில் ஒரு சிவப்புப் புள்ளி. இக்கரையில் நான் பிடித்த நாற்பதில் ஒன்றுக்குக்கூட அது இல்லை. அக்கரையில் பிடித்த அறுபத்து மூன்றில் ஒன்பதுக்கு இருந்தது.

கூன்வண்டுகளில் சில இனங்கள் உடம்பின் மேல் மஞ்சளாகவோ சிவப்பாகவோ மாவுபோல ஒன்றைப் பூசிக்கொள்ளும். தொட்டால் விரலில் ஒட்டும். இதுவும் அப்படித்தான் என்று முடிவு கட்டினேன். கொல்லும் பாட்டிலில் போட்டால் சிவப்பு மெல்ல மஞ்சளாக மாறியது. 'இறந்தபின் நிறம் மாறும்' என்று நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன். ஆறு நடுவில் ஓடி இரண்டாகப் பிரித்ததால், ஒரே வண்டு அக்கரையில் வேறு இனமாக மாறிக்கொண்டிருக்கிறது! ஏழில் ஒன்றுக்குப் புள்ளி வருவதற்குப் பாரம்பரியத்தை வைத்து ஒரு கணக்கும் போட்டேன். அமிர்தசாமி சார் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "அக்னஸ், இது சின்ன விஷயம் இல்லம்மா. ஸ்காலர்ஷிப் உனக்குத்தான்" என்றார். 1961 நவம்பரில் கட்டுரைச் சுருக்கத்தை மெட்ராஸில் இருக்கும் விலங்கியல் சபைக்கு அனுப்பினோம். ஜனவரியில் வாசிக்க வேண்டிய கட்டுரைகளின் பட்டியல் அச்சாகி வந்தது. 'கொள்ளிடத்தால் பிரிந்த இரு இனங்கள்: மிஸ் அக்னஸ்.' அந்தத் தாளை அம்மா மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார்.

அக்கரையில் நான் வண்டு பிடித்த மூன்று இடமும் ரயில்வே ஸ்டேஷன் தோட்டம் என்பதை நான் யோசிக்கவே இல்லை. ரயிலில் போனேன், ஸ்டேஷனில் இறங்கினேன், வேலியோரம் நந்தியாவட்டை இருந்தது, வண்டும் இருந்தது. அதற்கு மேல் எதற்கு வெயிலில் அலைய வேண்டும் என்று அடுத்த வண்டியில் திரும்பிவிட்டேன். சோம்பேறிக்கு உரித்த வாழைப்பழம் கிடைத்தால் கசக்குமா?

டிசம்பரில் ஒரு நாள், புள்ளி போட்டது இன்னும் இரண்டு மூன்று கிடைத்தால் நல்லது என்று காலை பாசஞ்சரில் போனேன். வாளாடியில் இறங்கினேன். எனக்கு முன்னால் நாலு பெட்டி தள்ளி ஒருவர் இறங்கி, பஞ்சகச்சமும் கோட்டுமாக வேலியைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தார். நெற்றி நிறையத் திருமண். கையில் பித்தளைச் சம்புடம். நந்தியாவட்டைச் செடிக்கு முன்னால் நின்று மூடியைத் திறந்து, கிளையின் மேல் கவிழ்த்து, அடியில் இரண்டு தட்டுத் தட்டினார். கையைக் கூப்பி ஏதோ சொன்னார். கார்டு விசில் ஊதியதும் ஓடி வந்து ஏறிக்கொண்டார்.

நான் செடியருகே ஓடினேன். கிளை முழுக்க வண்டு. அவற்றில் ஐந்தாறுக்கு முதுகில் புத்தம் புதுச் சிவப்பு. புள்ளி போட்ட ஒன்றைக் குழாயில் தட்டிக்கொண்டு திரும்பி ஓடி, நகர ஆரம்பித்த வண்டியில் அவர் ஏறிய பெட்டியிலேயே தொற்றிக்கொண்டேன். அவருக்கு எதிரே உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். என் வலையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"நீங்கதானே நம்ம நந்தவனத்துக்கு வர டீச்சர்? நான் சௌரிராஜன். ஆத்திலே சொல்லியிருக்கா. நீங்களும் பார்த்துட்டு விட்டுடறேளாமே! கேட்டு ரொம்ப சந்தோஷப்பட்டேன்."

"சார், அந்தச் சம்புடத்துல என்ன?" என்று மட்டும் கேட்டேன்.

"பூச்சிதான். உங்க பூச்சி" என்று சிரித்தார். "பூச்சி கடிச்ச புஷ்பம் பெருமாளுக்கு ஆகாது. அதுக்காக நசுக்கலாமோ? நசுக்கின கையாலே அடுத்த புஷ்பத்தை எப்படித் தொடறது? முதல்ல மதிலுக்கு வெளியிலே போட்டேன். மறுநாள் காத்தாலே பார்த்தா பழையபடி மொட்டுலே உட்கார்ந்திருக்குகள். அதுகள்தானா, வேறயான்னு சந்தேகம் வந்துடுத்து. தர்ப்பை நுனியாலே ஸ்ரீசூர்ணத்தைத் தொட்டு முதுகிலே ஒரு புள்ளி வெச்சு விட்டேன். பத்துலே ஏழு திரும்பி வந்துடுத்து, டீச்சர்!"

"அப்புறம்?"

"அப்புறம் கொள்ளிடக் கரையிலே விட்டேன். நாலு நாள் கழிச்சு ரெண்டு வந்தது. நடந்தே! அப்பத்தான் புரிஞ்சுது, பறக்கத் தெரியாது அதுகளுக்கு. ஆத்தைத் தாண்டிட்டா வராது. அம்பத்தி நாலுலே லால்குடிக்கு மாத்தினா. அன்னிலேர்ந்து அக்கரைதான். ஒரு வாரம் பிச்சாண்டார்கோயில், ஒரு வாரம் வாளாடி, ஒரு வாரம் லால்குடி. ஒரே ஊர்க்காரா தலையிலே எல்லாத்தையும் கட்டப்படாது இல்லையா?"

எட்டு மாதமும் ஒரு மைக்ராஸ்கோப்பும் செலவழித்து நான் கண்டுபிடித்ததை அவர் ஒரு தர்ப்பைப் புல்லை வைத்துக் கண்டுபிடித்திருந்தார். எனக்கு முன்னால், என்னைவிடச் சரியாக. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"எல்லாத்துக்கும் புள்ளி வைப்பீங்களா சார்?"

"ஞாயித்துக்கிழமை பிடிக்கறதுக்கு மட்டும்தான். மத்த நாள் ஆபீஸுக்கு ஓடணுமே. ஏழு வருஷமாச்சு, ஒண்ணுகூடத் திரும்பி வரலை. ஆனாலும் வெக்கறேன். பழகிப் போச்சு."

வாரத்துக்கு ஏழு நாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஏழில் ஒன்று! அதற்கு நான் போட்ட பாரம்பரியக் கணக்கை நினைத்துக் காது மடல் சுட்டது. திருமண்ணுக்கு நடுவில் இடும் சிவப்பான ஸ்ரீசூர்ணம் என்பது மஞ்சளும் சுண்ணாம்பும். லூர்துராணி கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு ஆலம் கரைத்தவளே நான்தான். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும், எலுமிச்சை பட்டால் மறுபடி மஞ்சளாகும் என்று ஆலம் கரைக்கும் எந்தப் பெண்ணுக்கும் தெரியும். கொல்லும் பாட்டிலின் அமில ஆவியும் எலுமிச்சை செய்கிற வேலையைத்தான் செய்திருக்கிறது. மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் உட்கார்ந்ததும் அந்தப் பெண் எங்கோ எழுந்து போய்விட்டாள்.

லால்குடி வந்தது. இறங்கும்போது சௌரிராஜன் கேட்டார்: "ஆமா, நீங்க எடுத்துண்டு போறதையெல்லாம் எங்கே விடறேள்? திருச்சியிலே நல்ல நந்தியாவட்டை இருக்கோ?"

"இருக்கு, சார்" என்றேன். கேட்டது இரண்டு கேள்வி. இரண்டாவதற்கு மட்டும் பதில் சொல்லித் தப்பித்தேன்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்பார்களே, அது இதுதான். அன்று மத்தியானமே அமிர்தசாமி சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாளாடியில் பிடித்த அந்த ஒன்றை அவர் மேசையிலேயே வைத்து ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டேன். புள்ளி மஞ்சளானது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"ப்ரோக்ராம் அச்சாயிடுச்சேம்மா."

"ஆமா சார்."

"உன்னை யாரும் பொய் சொல்லச் சொல்லலை. நீ பார்த்தது நிஜம். இக்கரையில புள்ளி இல்லை, அக்கரையில இருக்கு. அதோட நிறுத்திக்க. மெட்ராஸ்ல இருக்கறவங்க வாளாடி ஸ்டேஷன்ல வந்து இறங்கவா போறாங்க? முதல்ல ஸ்காலர்ஷிப் வரட்டும். ரெண்டு வருஷம் கழிச்சு நீயே திருத்தி எழுதிடலாம்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிறார் என்று கோபம் வந்தது. ஆனால் நேர்மையாகச் சொல்கிறேன், கோபத்தைவிட ஆசைதான் அதிகம் வந்தது. வெறும் எட்டு நிமிஷம் வாசிக்க வேண்டும். வாசித்தால் ஃபார்மலின் அறைக்கு ஒரு கும்பிடு. அன்று மாலை ஜாடிகளைத் துடைக்கும்போது சார் சொன்னதை நானே எனக்குப் பத்துத் தடவை சொல்லிக்கொண்டேன். பத்தாவது தடவை அது நியாயமாகவே பட்டது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை, சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிக்கொள்ளப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். வரிசையில் நிற்கும்போது எதைப் பாவமென்று சொல்வது என்று எனக்கே தெளிவில்லை. பூச்சியைக் கொல்வது பாவம் என்று எங்கள் ஞானோபதேசத்தில் இல்லை. கட்டுரையை இன்னும் வாசிக்கவும் இல்லை. முழங்காலிட்டதும் வாயில் வந்தது மோர் விஷயம். விட்டுவிடுவேன் என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு தடவையும் கொன்றேன், மோரும் குடித்தேன் என்றேன். தட்டிக்கு அந்தப் பக்கம் சாமியார் கொஞ்சம் குழம்பியிருக்க வேண்டும். "இதை எங்கிட்டே சொல்லி என்னம்மா? யார்கிட்ட பொய் சொன்னியோ அவங்ககிட்ட போய்ச் சொல்லு" என்றார்.

மறுநாள் ஞாயிறு, சௌரிராஜன் வீட்டில் இருந்தார். நந்தவனத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு மொட்டு மொட்டாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமி வழக்கம்போல மோர் எடுக்க எழுந்தார். "வேண்டாம் மாமி, முதல்ல நான் ஒண்ணு சொல்லணும்" என்று நின்றபடியே சொன்னேன்.

"நான் எதையும் விடலை. எடுத்துட்டுப் போனது எல்லாத்தையும் கொன்னுட்டேன். உங்க தோட்டத்துல நாப்பது. அக்கரையில நீங்க விட்டதுல அறுபத்திமூணு. அதுக்கப்புறம் வாளாடியில ஒண்ணு. மொத்தம் நூத்தி நாலு. ஊசி குத்திப் பெட்டியில வெச்சிருக்கேன்."

மாமி என்னைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார். சௌரிராஜன் கையிலிருந்த சம்புடத்தை மூடினார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அக்கரையிலே சௌக்கியமா இருக்கும்னு நினைச்சிண்டிருந்தேன்" என்றார். பிறகு, "எதுக்காக?" என்று கேட்டார். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் வண்டைப் பற்றி, ஆற்றைப் பற்றி, புள்ளியைப் பற்றி, மெட்ராஸைப் பற்றி எல்லாம் சொன்னேன். அவர் புள்ளியை நான் புது இனம் என்று எழுதியதைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துண்டால் வாயை மூடிக்கொண்டார். எனக்கும் வந்தது. சிரித்து ஓய்ந்ததும் அவர் சொன்னார்:

"படிப்புக்கு வேணும்னா கேளுங்கோ டீச்சர். இருந்தா தரேன். விட்டுடுவேன்னு மட்டும் சொல்லாதீங்கோ."

அன்று மோர் வரவில்லை.

ஜனவரியில் மெட்ராஸில் நான் வாசித்தது வேறு கட்டுரை. இந்த வண்டின் சொந்த இடம் ஸ்ரீரங்கம் மட்டுமே. அக்கரையில் காணப்படுபவை ஒருவர் கையால் ரயிலில் கொண்டுபோய் விடப்பட்டவை. சிவப்புப் புள்ளி மஞ்சளும் சுண்ணாம்பும். அனுப்பிய சுருக்கத்தில் சொன்னது என் தவறு. எட்டு நிமிஷம் என்று கொடுத்ததில் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. சபையில் அப்படி ஒரு சிரிப்பு. பின்வரிசையில் ஒருவர் வண்டுக்கு டிக்கெட் எடுத்தாரா என்று கேட்டார். அமிர்தசாமி சார் முன்வரிசையில் தலையைக் குனிந்திருந்தார். ஆனால் வெளியே வந்ததும், "பழைய சீட்டைக் கிழிக்காம கீழே புதுச் சீட்டுக் குத்திட்ட. சரிதான் போ" என்று சொல்லி எனக்குக் காபி வாங்கிக் கொடுத்தார்.

உதவித்தொகை இறால் மீனைப் பற்றிப் பேசிய ஒருவருக்குப் போயிற்று. சபைத் தலைவர் மட்டும் என்னைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டார். அக்கரைக்குப் போன வண்டுகள் அங்கே பெருகுகின்றனவா, போய்ச் செத்துப் போகின்றனவா? கொண்டுபோகும்போது வயிற்றில் முட்டை இருக்கிறதா என்று யாராவது பார்த்தார்களா? பதிலோடு வந்தால் அடுத்த வருஷம் மறுபடி விண்ணப்பிக்கலாம் என்றார்.

என் பெட்டியிலிருந்தவை எல்லாம் காய்ந்து போனவை. அறுத்தால் பொடிதான் மிஞ்சும். உயிரோடு இரண்டு வேண்டும். பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நந்தவனத்துக்குப் போய்க் கேட்டேன்.

"ரெண்டு வேணும் சார். கொல்லத்தான் கேக்கறேன். வயித்துல முட்டை இருக்கான்னு பார்க்கணும்."

சௌரிராஜன் தலையாட்டினார். அன்று காலை பிடித்ததைக் காட்டினார். சம்புடத்துக்குள் இலையின் மேல் பத்து வண்டுகள். சில செத்ததுபோலக் கிடந்தன, சில நடந்தன, ஒன்று சுவரில் ஏறி வழுக்கி விழுந்து மறுபடி ஏறியது. அதை என் முன்னால் நீட்டி அவர் கேட்டார்:

"எந்த ரெண்டு?"

அவர் குரலில் குத்தல் எதுவும் இல்லை. கடையில் எந்தத் தேங்காய் வேண்டும் என்று கேட்பதுபோலத்தான் கேட்டார். என்னால் சொல்ல முடியவில்லை. நூற்று நான்கைக் கொன்றவள் நான். ஒன்றைக்கூட அதற்கு முன்னால் தேர்ந்தெடுத்ததில்லை. குழாயைக் கவிழ்ப்பேன், விழுந்தது விழுந்ததுதான். மாமி வீட்டு நிலைப்படியில் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் விரலை நீட்டினேன். "இது" என்றேன். சுவரில் ஏறிக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு, அதற்குப் பக்கத்திலிருந்ததைக் காட்டி, "இது" என்றேன்.

அவர் இரண்டையும் இலையில் எடுத்தார். உடனே குழாயில் போடவில்லை. தோட்டத்து மண்டபத்தில் வைத்திருந்த கிண்ணத்திலிருந்து தர்ப்பை நுனியால் ஸ்ரீசூர்ணம் தொட்டு, ஒன்றுக்கு ஒரு புள்ளி, மற்றதற்கு ஒரு புள்ளி வைத்தார்.

"திரும்பி வருதான்னு பார்க்கத்தானே சார் புள்ளி?" என்றேன்.

"ஆமாம்" என்றார். வைத்து முடித்து, குழாயில் விட்டு, பஞ்சையும் அவரே அடைத்துக் கொடுத்தார். மீதி எட்டும் மறுநாள் லால்குடி பாசஞ்சரில் அக்கரைக்குப் போயின.

திங்கட்கிழமை லென்ஸுக்கு அடியில் இரண்டையும் அறுத்தேன். ஒன்று ஆண். மற்றதன் வயிற்றில் முட்டைகள் இருந்தன, வெள்ளையாக, கசகசாவைவிடச் சின்னதாக. பதினொன்று. எனக்கு வேண்டிய பதில் அதுதான். நோட்டில் தேதி போட்டு, 'கொல்லப்பட்டவை: 2. முட்டை: 11' என்று எழுதினேன்.

அடுத்த ஞாயிறு நோட்டை எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் பஸ் ஏறினேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்; யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் அந்தத் தோட்டத்தில் மறுபடி ஒன்றை மறைத்துக்கொண்டு நிற்க எனக்குத் தெம்பு இல்லை. சௌரிராஜனிடம் முட்டை இருந்ததைச் சொன்னேன்.

"எத்தனை?"

"பதினொண்ணு."

அவர் கையிலிருந்த சம்புடத்தைக் கீழே வைத்தார்.

"அப்போ ரெண்டு இல்லே, டீச்சர். பதிமூணு."

உள்ளேயிருந்து வேதவதி மாமி மோர் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார். நான் அதை எடுப்பதற்கு முன்னால் நோட்டைத் திறந்தேன். 2 என்று இருந்ததை அடிக்காமல், அதற்குக் கீழே 13 என்று எழுதினேன்.